கோடு நிறைய இருக்கு, பக்கம் திறக்கலையே!
பெரிய வளாகத்துக்கு வைஃபை திட்டமிடுதல் – ஓர் அனுபவப் பாடம்

மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



போன வருடம் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மாலை நான்கு மணிக்கு நூலகத்தில் உட்கார இடமில்லை. எல்லோர் கையிலும் போன். போனின் மேல் மூலையில் வைஃபை குறி ஒரு கோடு கூடக் குறையாமல் நிற்கிறது. ஆனால் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓ.டி.பி. எண்ணை அடித்து அனுப்புவதற்குள் 'நேரம் முடிந்துவிட்டது' என்று வருகிறது. சிலர் பஸ் ஏறி டவுனில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய் வேலையை முடித்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்ட முதலாண்டுத் தம்பி ஒருவனுக்கு அந்த வருட உதவித்தொகை போயே போய்விட்டது.

"சிக்னல் ஃபுல்லா இருந்துச்சேண்ணே, அப்புறம் ஏன் போகல?" என்று அவன் கேட்டான். நான் படிப்பதோ தொடர்பியல். என்னிடம் பதில் இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் நான்கு பேர் ஐந்தாம் பருவத்தில் புராஜெக்டாக எடுத்துக்கொண்டோம்.

இதற்கிடையில் மாணவர் பேரவை கொடுத்த மனுவின் பேரில் கல்லூரியில் விலைப்புள்ளி கேட்டார்கள். வந்த விலைப்புள்ளியில் இருந்தது ஒரே ஒரு கணக்கு. வளாகத்தின் மொத்தச் சதுர அடியை ஒரு எண்ணால் வகுத்து, 'இத்தனை ஆக்சஸ் பாயிண்ட் வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். ஆக்சஸ் பாயிண்ட் என்பது கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒட்டியிருக்கிறதே, அதுதான். இனி சுருக்கமாகப் 'பெட்டி' என்றே சொல்கிறேன். சதுர அடிக் கணக்கு பெயிண்ட் அடிக்கச் சரி. ரேடியோ அலைக்குச் சரிவராது. ஏன் சரிவராது என்று பார்ப்போம்.

கோடு எதைக் காட்டுகிறது?

ஊர்த் திருவிழாவில் மைக்செட்காரர், 'மஞ்சள் சட்டை போட்ட பையனைக் காணவில்லை, பார்த்தவர்கள் மேடைக்கு வரவும்' என்று குழாய் ஸ்பீக்கரில் சொன்னால் ஊர் எல்லை வரைக்கும் கேட்கும். எல்லையில் நிற்கிற ஒருவர், 'பையன் இங்கதான் இருக்கான்' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் மேடைக்குக் கேட்குமா? கேட்காது. போனில் தெரியும் கோடுகள் மைக்செட்டின் சத்தத்தை மட்டும்தான் காட்டுகின்றன. பெட்டி பேசுவது போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதுதான் அது. போன் பேசுவது பெட்டிக்குக் கேட்கிறதா என்பதைக் கோடு சொல்லாது. அந்த அலைவரிசையில் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதையும் சொல்லாது.

பெட்டி 100 மில்லிவாட் வரை சாதாரணமாக அனுப்பும். பேட்டரியைக் காப்பாற்ற வேண்டிய போன் பெரும்பாலும் 15, 20 மில்லிவாட்டோடு நின்றுகொள்ளும். ஆகவே சிக்னல் போதவில்லை என்று பெட்டியின் சக்தியை மட்டும் ஏற்றினால் கோடு கூடும், வேலை நடக்காது. திட்டம் போடும்போது பலவீனமான பக்கத்தை, அதாவது போனை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். இது எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது.

கொஞ்சம் கணக்கு

டெசிபல் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 1 மில்லிவாட்டை 0 டி.பி.எம். என்று வைத்துக்கொள்கிறோம். தடங்கலில்லாமல் படம், பேச்சு எல்லாம் போக வேண்டும் என்றால் போன் இருக்கும் இடத்தில் மைனஸ் 67 டி.பி.எம். ஆவது கிடைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவு. அது ஒரு வாட்டில் ஐந்நூறு கோடியில் ஒரு பங்கு! அவ்வளவு சின்னச் சக்தியில்தான் நாம் சினிமா பார்க்கிறோம்.

திறந்த வெளியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் மீட்டரிலேயே 40 டெசிபல் இழக்கிறது. அதற்கு மேல் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போகும். 20 மீட்டரில் மொத்த இழப்பு 66. பெட்டி 17 டி.பி.எம். அனுப்புகிறது, ஆண்டெனா 3 டெசிபல் கூட்டுகிறது என்றால், 20 மீட்டர் தள்ளி நிற்கும் போனுக்குக் கிடைப்பது மைனஸ் 46. தாராளம். நடுவில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஒன்று வந்தால் மைனஸ் 55. இரண்டு சுவர் வந்தால் மைனஸ் 64. மூன்றாவது சுவரில் மைனஸ் 73, ஆட்டம் முடிந்தது. திறந்த வெளியில் இதே 9 டெசிபலை இழக்க 20 மீட்டரிலிருந்து 56 மீட்டர் வரை நடக்க வேண்டும். ஒரு சுவர் அந்த 36 மீட்டர் நடையைத் தின்றுவிடுகிறது. சதுர அடியை எண்ணி என்ன பயன்? சுவரை அல்லவா எண்ண வேண்டும்!

5 கிகாஹெர்ட்ஸில் இதே தூரத்துக்கு இன்னும் 7 டெசிபல் அதிகம் போகும். சுவரும் கூடுதலாகக் குடிக்கும். 'அப்படியானால் 2.4 தானே நல்லது?' என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் பின்னால் வருகிறது.

மேலே சொன்ன 9 டெசிபல் புத்தகத்தில் இருந்து எடுத்ததல்ல, நம் மெயின் பிளாக்கில் அளந்தது. நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர் 5, மரக்கதவு 3 அல்லது 4, கண்ணாடி ஜன்னல் 2, கான்கிரீட் தளம் 15-க்கு மேல் என்று வந்தது. உங்கள் ஊர்ச் செங்கலுக்கும் பூச்சுக்கும் இது மாறும்.

இந்தப் பட்டியலுக்கு நூலகத்தின் கிழக்குச் சுவர் மட்டும் அடங்கவில்லை. அதுவும் ஒன்பது இஞ்ச் சுவர்தான் என்று வரைபடம் சொல்கிறது. அளந்தால் 19 டெசிபல் போகிறது. மூன்று முறை அளந்தோம், போனை மாற்றி அளந்தோம், அதே 19. அந்த வாரம் ஹாஸ்டல் படிவத்தில் கையெழுத்துப் போட அப்பா வந்திருந்தார். அப்பா கொத்தனார். நாங்கள் சுவரைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார். வெளியே போய்ச் சன்ஷேடுக்கு மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "இது ஒரு சுவரு இல்லப்பா. பழைய கட்டடத்துல புதுசைச் சேக்கும்போது ஜாயிண்ட் விட்டுத்தான் கட்டுவாங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நடுவுல சந்து. தூணும் ரெட்டையா நிக்குது பாரு" என்றார். வரைபடத்தில் ஒரே கோடாக இருந்தது நிஜத்தில் இரண்டு சுவர். இரண்டு ஒன்பது, பதினெட்டு. கணக்கு சரியாகிவிட்டது. அதன் பிறகு அளக்கப் போகும் இடமெல்லாம் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தோம். சந்தேகம் வந்தால் அப்பாவுக்குப் போன்.

நடந்து அளப்பது

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1993-ல் அலெக்ஸ் ஹில்ஸ் என்பவர் தலைமையில் 'வயர்லெஸ் ஆண்ட்ரூ' என்ற திட்டம் தொடங்கியது. 802.11 தரநிர்ணயம் வெளிவந்த 1997-க்கு நான்கு வருடம் முன்பே ஒரு வளாகம் முழுக்கக் கம்பியில்லா வலை போடப் புறப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் கண்ட வழியும் இதுதான்: பெட்டியைத் தற்காலிகமாக ஓரிடத்தில் வை, சுற்றி நடந்து அள, இடத்தை மாற்று, மறுபடி அள.

நாங்கள் செய்ததும் அதுவே, கருவிகள்தான் நம்ம ஊர்க் கருவிகள். லேபில் இருந்த பழைய யு.பி.எஸ்.ஸைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். பெட்டியைக் கூரை உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க சிவில் துறையில் லெவலிங் ஸ்டாஃப் கேட்டோம். புத்தம் புது அலுமினிய ஸ்டாஃபை எடுத்துக் கொடுத்தார்கள். உலோகம் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் அலை திசைமாறும் என்று சொல்லி, மூலையில் கிடந்த பழைய மரஸ்டாஃபைக் கேட்டு வாங்கினோம். அதன் உச்சியில் பெட்டியைக் கட்டி ஒருவன் பிடித்துக்கொள்வான். மற்றவர்கள் மூன்று மீட்டருக்கு ஓர் இடம் என்று நின்று, போன் காட்டும் எண்ணை வரைபடத்தில் குறிப்போம். ஒரே போன், ஒரே உயரம். நின்ற இடத்திலேயே நான்கு திசைக்கும் திரும்பி நான்கு அளவு எடுத்துச் சராசரி. நம் உடம்பே சில டெசிபலை மறைத்துவிடும் என்பதால்தான் இந்தச் சுற்றல். பிறகு கலர் பென்சில். மைனஸ் 67-க்கு மேல் பச்சை, 75 வரை மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு.

இதில் நாங்கள் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமை அளந்தோம், இடைஞ்சல் இருக்காது என்று. வரைபடம் முழுக்கப் பச்சை. திங்கட்கிழமை செமினார் ஹாலில் ஆள் நிறைந்திருந்தபோது அதே இடங்களில் அளந்தால் பின்வரிசையெல்லாம் மஞ்சள். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் இந்த அலையைக் குடிக்கும். ஆளில்லாத கூடத்துக்குத் திட்டம் போட்டால் ஆளில்லாத கூடத்துக்குத்தான் உதவும். பெட்டியைச் சுவரில் தலை உயரத்தில் மாட்டாமல் கூரையில் மாட்டச் சொல்வதற்கு இதுவே முக்கிய காரணம்.

குழாயடி நியாயம்

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். நூலகம் முழுக்கப் பச்சை. ஏற்கெனவே அங்கே மூன்று பெட்டிகள் இருக்கின்றன. பிறகு ஏன் பக்கம் திறக்கவில்லை?

வைஃபை என்பது தெருக்குழாய் மாதிரி. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் காதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அகல வாய்க் குடம் கொண்டுவந்தவர் சீக்கிரம் பிடித்துவிட்டுப் போவார். குறுகிய வாய்க் குடம் என்றால் வரிசை முழுக்க நிற்கும். தூரத்தில் இருந்து பலவீனமான சிக்னலில் பேசும் போன்தான் அந்தக் குறுகிய வாய்க் குடம். அது மெதுவாகப் பேசும் நேரமெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நஷ்டம்.

மூன்று பெட்டி என்றால் மூன்று குழாய் என்று நினைப்போம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 என்ற மூன்றே. நூலகத்துப் பெட்டிகள் மூன்றையும் திறந்து பார்த்தால், மூன்றுமே சேனல் 6-ல், முழுச் சக்தியில். டப்பாவில் இருந்து எடுத்தபடியே மாட்டியிருக்கிறார்கள். மூன்று குழாய் இல்லை, ஒரே குழாய்க்கு மூன்று கைப்பிடி.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஏழு நெட்வொர்க் பெயர்கள். மாணவர், ஆசிரியர், அலுவலகம், விருந்தினர், நூலகம், தேர்வு, பிளேஸ்மெண்ட் என்று ஆளுக்கொன்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பெட்டி ஒவ்வொரு பெயரையும் வினாடிக்கு ஏறத்தாழ பத்து முறை அறிவிக்க வேண்டும். இதைப் பீக்கன் என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூவுவது போல. மூன்று பெட்டி, ஏழு பெயர், பத்து முறை, ஆக வினாடிக்கு இருநூறுக்கும் மேல் கூவல். இந்தக் கூவல் மிகப் பழைய கருவிக்கும் புரிய வேண்டும் என்று வினாடிக்கு 1 மெகாபிட் என்ற ஆமை வேகத்தில் போகிறது. ஒரு பீக்கன் 250 பைட் என்று வைத்தால் அதற்குச் சுமார் 2.2 மில்லிவினாடி. பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு 450 மில்லிவினாடி! யாரும் ஒரு எழுத்துக் கூட அனுப்பாதபோதே சேனலின் நேரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு பெயரைக் கூவுவதிலேயே போகிறது. மீதிப் பாதியில்தான் நூறு பேர் உதவித்தொகைக்கு முட்டி மோதியிருக்கிறோம். அந்தக் கணக்கை முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தம்பி பஸ்ஸைத் தவறவிட்டதால் பணம் இழக்கவில்லை.

துறைத்தலைவரின் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை நான்கு வேலை செய்தோம். சேனலை 1, 6, 11 என்று பிரித்தோம். சக்தியைப் போனின் அளவுக்குப் பக்கத்தில் இறக்கினோம். பெயர்களை இரண்டாகக் குறைத்தோம். 12 மெகாபிட்டுக்குக் கீழே உள்ள வேகங்களை அணைத்தோம். இப்போது ஒரு சேனலில் கூவலுக்குப் போவது வினாடிக்கு 4 மில்லிவினாடி கூட இல்லை. செலவு ஒரு பைசா கிடையாது.

திங்கள் காலை எங்களைத் தேடி ஆள் வந்தது. அலுவலக வாசலில் இருந்த பழைய விரல்ரேகை வருகைப்பதிவு இயந்திரத்துக்கு ஆமை வேகம் மட்டும்தான் தெரியுமாம். நூலகத்துப் பெட்டியை நம்பித்தான் அது இருந்திருக்கிறது. அன்று காலை வந்த ஆசிரியர்கள் யாருமே வராதவர்களாகிவிட்டார்கள்! கம்பி இழுத்துக் கொடுத்துத் தப்பித்தோம். பழைய வேகங்களை அணைக்கும் முன், வளாகத்தில் என்னென்ன பழைய கருவி இருக்கிறது என்று பட்டியல் எடுத்துவிடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸின் அருமையும் இங்கேதான் தெரியும். நம் நாட்டில் 2.4 பட்டையை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியை 2018-லும் அரசு உரிமமில்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 5-ல் ஒன்றோடொன்று இடிக்காத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் இருபதுக்கும் மேல் உண்டு. சுவர் அதிகம் குடிக்கிறது என்று குறை சொன்னோமே, கூட்டமான இடத்தில் அதுவே வரம். அடுத்த அறைப் பெட்டியின் சத்தம் இங்கே வராது, அதே சேனலைச் சற்றுத் தள்ளி மறுபடி பயன்படுத்தலாம்.

ஹாஸ்டல் தனிக்கதை. விலைப்புள்ளிக்காரர்கள் வராண்டாவின் கூரையில் வரிசையாகப் பெட்டி போட்டிருந்தார்கள், வரைபடத்தில் பார்க்க அழகு. ஆனால் நீளமான வராண்டா அலைக்குக் குழாய் மாதிரி. இந்தக் கோடியில் இருக்கும் பெட்டி அந்தக் கோடிப் பெட்டிக்குத் தெளிவாகக் கேட்கும். உடனே ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கும். நாம் படிப்பதும் படுப்பதும் வராண்டாவில் இல்லை, அறைக்குள். அங்கே கதவையும் சுவரையும் தாண்டித்தான் அலை வர வேண்டும். நாங்கள் கொடுத்த திட்டத்தில் பெட்டிகள் அறைக்குள்ளே. ஒரு பெட்டி இடப்பக்க அறையில், அடுத்தது நான்கு அறை தள்ளி வலப்பக்கத்தில், மேல்மாடியில் அதற்கு நேர் மேலே வராமல் தள்ளி. எண்ணிக்கை விலைப்புள்ளியில் இருந்ததே, இடம்தான் வேறு. 'எங்க ரூம்ல வைக்காதே, லைட்டு கண்ணைக் குத்தும்' என்று சில நண்பர்கள் சண்டைக்கு வந்தார்கள். லைட்டை அணைத்து வைக்கலாம், கவலை வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் தகரக் கூரை, இரும்பு இயந்திரங்கள். அலை எதிரொலித்துக்கொண்டே இருக்கும், இரண்டு அடி நகர்ந்தால் அளவு மாறும். அங்கே ஆட்கள் குறைவு என்பதால் இரண்டு பெட்டி போதும் என்று எழுதினோம். நூலகப் புத்தக அடுக்குகள் ஒன்பது இஞ்ச் சுவருக்குச் சளைத்தவை அல்ல. ஆகவே பெட்டி அடுக்குகளுக்கு இடையே உள்ள நடைபாதைக்கு மேலே வர வேண்டும்.

கம்பியில்லா வலைக்கும் கம்பி வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. ஸ்விட்சில் இருந்து பெட்டி வரை செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மின்சாரமும் அதே கம்பியில் போய்விடுவதால் கூரையில் பிளக் பாயிண்ட் தேவையில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழைதான் போட வேண்டும். இடி இறங்கினால் செப்புக் கம்பி வழியாக இரண்டு பக்க ஸ்விட்சும் கருகும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கடைசியில் எல்லாக் குழாய்க்கும் தண்ணீர் வருவது ஒரே தொட்டியில் இருந்து. வளாகத்தில் இருந்து வெளியே போகும் இணைப்பின் வேகம் போதாவிட்டால் கூரையில் எத்தனை பெட்டி மாட்டியும் பயனில்லை.

இந்த வருடம் உதவித்தொகைக் கடைசி நாளில் நாங்கள் நான்கு பேரும் நூலகத்தில்தான் இருந்தோம். கூட்டம் போன வருட அளவுதான். மெதுவாகப் போனது, ஆனால் போனது. இரவு ஏழு மணிக்கு மேல் தொட்டி வற்றியது போல வெளி இணைப்பு திணறியது. அதற்கான மனுவைப் பேரவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். அந்தத் தம்பி ஆறு மணிக்கே முடித்துவிட்டு, "வந்துருச்சுண்ணே" என்று ஒப்புகைச் சீட்டைக் காட்டிவிட்டுப் போனான்.

புதிய பிளாக்கின் இரண்டாம் மாடியும் ஆடிட்டோரியமும் இன்னும் அளக்கப்படவில்லை. எங்களுக்கு இறுதிப் பருவம் முடியப் போகிறது. கலர் பென்சில் போட்ட வரைபடங்கள் தொடர்பியல் லேபில் ஜன்னலோரப் பீரோவின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. இரண்டாமாண்டு நண்பர்கள் எடுத்துக்கொள்ளலாம். சிவில் துறையில் ஸ்டாஃப் கேட்கும்போது மரத்தில் செய்ததையே கேட்டு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போது துடைத்துக் கொடுங்கள், போன முறை நாங்கள் ஒட்டிய டேப்பின் பசை இன்னும் போகவில்லை என்று அவர்களுக்குக் கோபம்.